கடந்த ஏழு நாளில் செய்த வேலை

காஞ்சிபுரம்
20.1.2000

அன்புள்ள சந்தியா,

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் அலுவலகம் வந்தேன். முதல் கடிதம் உனக்கு. நான்கு நாள் உங்கள் ஊரில் எனக்கு வீடு காட்டிக்கொண்டு நடந்தாய். குடைக்குள் வா என்றால் வராமல் பத்தடி தள்ளியே வந்தாய். உன் அம்மா போட்ட சோற்றுக்கும் உனக்கும் நன்றி.

கணக்கெடுப்புத் தாள்களைச் சரிபார்க்கும்போது இரண்டு சந்தேகங்கள். ஒன்று, உங்கள் வீடு. கடந்த ஏழு நாளில் யார் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு உன் அப்பா சொன்னதை எழுதியிருக்கிறேன்: சடையப்பன், சொந்த நிலத்தில் சாகுபடி. மனைவி சொக்கம்மாள், மகள்கள் கோமளா, சந்தியா மூவரும் வீட்டு வேலை மட்டும். எங்கள் தாளில் அதற்கு எண் 92. நீ கதவோரம் நின்றாய், வாயைத் திறக்கவில்லை. சரிதானே?

இரண்டு, ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் கடைசி வீடு. எங்கள் பட்டியலில் ஏழாம் எண். மாசி, வள்ளியம்மா. ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று நீ சொன்னாய், நானும் 'காலி' என்று எழுதிவிட்டேன். எந்த மாதம் போனார்கள் என்று ஒரு வரி எழுது.

அன்புடன்
சசிரேகா


25.1.2000

அன்புள்ள சசிரேகா அக்காவுக்கு,

சந்தியா எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் வந்தது. எனக்குக் கடிதம் வந்தது இதுவே முதல் தடவை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டதால் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் எழுதியது சரிதான். நாங்கள் மூன்று பேரும் வீட்டு வேலை மட்டும்தான்.

மாசி வீட்டார் தீபாவளிக்கு முன்பே போய்விட்டார்கள். செங்கல் சூளைக்கு என்று சொன்னார்கள். எந்த ஊர் என்று தெரியாது.

அக்கா, உங்கள் ஆபீசிலிருந்து வேறு யாராவது எங்கள் ஊருக்கு வருவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். என் அக்கா கோமளாவுக்குத் தாமலில் வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் யாராவது வந்து வீட்டில் நின்று கேள்வி கேட்டால் நைனாவுக்குப் பிடிக்காது.

இனிமேலும் எனக்கு எழுதுங்கள். தபால்காரர் சாமுவேல் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் கையில் மட்டும்தான் கொடுப்பார்.

இப்படிக்கு
சந்தியா


காஞ்சிபுரம்
12.2.2000

சந்தியா,

மேலதிகாரி தமிழ்வாணன் சார் 8ஆம் தேதி உங்கள் ஊருக்கு வந்தார். நாங்கள் எழுதிய தாள்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சரிபார்ப்பது அவர் வேலை. உன் கடிதத்துக்குப் பதில் போட்டு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அவர் மோட்டார் சைக்கிளில் வழி தவறி ஆற்றுக்கு அக்கரையில் போய் நின்றிருக்கிறார். அங்கே நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் வழி கேட்டிருக்கிறார். அக்கரைக்காரப் பெண்கள் ஒருத்தியைக் காட்டி, இது அந்த ஊருப் பொண்ணுதான் என்றார்களாம். முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டிருந்தாளாம். பேர் கேட்டதற்கு, "வள்ளியம்மா. வூட்டுக்காரர் மாசி" என்றாளாம்.

அவர் கையில் இருந்த என் தாளில் அந்த வீடு காலி. அங்கிருந்தே அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டார்.

எனக்கு மெமோ வந்துவிட்டது. வீட்டுக்குப் போகாமலே எழுதினேனா என்று கேட்டிருக்கிறார்கள். நான் தற்காலிக ஆள். மார்ச்சோடு என் ஆர்டர் முடிகிறது. நீட்டிப்பார்கள் என்று நம்பித்தான் இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வந்தவாசியில் என் அம்மாவும் அதை நம்பித்தான் இருக்கிறாள்.

28ஆம் தேதி அவர் மறுபடி வருகிறார். நான் கூட வரக்கூடாதாம். நீ எனக்காக ஒன்று செய். மாசி வீட்டார் தீபாவளிக்குப் போய்ப் பொங்கலுக்குப் பிறகுதான் திரும்பினார்கள் என்று நீ சொல். அவர்களையும் அப்படியே சொல்லச் சொல். உண்மையும் அதுவாகத்தானே இருக்கும்? நீ என்னிடம் பொய் சொல்ல என்ன இருக்கிறது?

சசிரேகா


17.2.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இதைப் படித்த பிறகு நீங்கள் எனக்கு எழுத மாட்டீர்கள்.

வயலில் நின்றது வள்ளியம்மா அக்கா இல்லை. நான்.

எங்கள் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகிறது. நைனா சாகுபடி என்று சொன்னது அரை ஏக்கர் மானாவாரி. ஆடி மாதத்திலிருந்து நான் ஆற்றைக் கடந்து கூலிக்குப் போகிறேன். தெருவில் எல்லோரிடமும், நான் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நைனாவுக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். எங்கள் தெருவில் சொந்த நிலத்தில் பெண்கள் இறங்கலாம். அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கினால் குடும்பம் முடிந்தது என்பார்கள். கோமளா அக்கா கல்யாணம் முடியும்வரை தெரியக்கூடாது.

என்னை அக்கரைக்குக் கூட்டிப்போனதே வள்ளியம்மா அக்காதான். அவர்கள் எங்கேயும் போகவில்லை. அன்று நீங்கள் ஏரிக்கரை மேல் நின்றபோது அவர்கள் குடிசைக்குள்தான் இருந்தார்கள். நீங்கள் கீழே இறங்கி அவர்களிடம் கேட்டால், 'நானும் சந்தியாவும்தான் ஒண்ணா போறோம்' என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் காலி என்றேன். என் ஏழு நாளை மறைக்க அவர்கள் வீட்டையே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

8ஆம் தேதி வள்ளியம்மா அக்காவுக்கு ஜுரம். நான் தனியாகப் போனேன். சார் வண்டியை நிறுத்திச் சடையப்பன் வீட்டுக்கு எப்படிப் போவது என்றதும் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு குனிந்துகொண்டேன். எங்களை வேலைக்கு வைக்கும் மார்த்தாள் அம்மா, "அதோ கீது பாருங்க, அந்த ஊருப் பொண்ணு. ஏ பொண்ணே, நிமிந்து வழி சொல்லேண்டி, நாத்து வந்தா சொல்லும்?" என்றார்கள். பேர் கேட்டார். என் பேர் அவர் கையிலிருந்த தாளில் இருக்கும் என்று தெரியும். வாயில் வந்தது அந்தப் பேர்தான்.

நீங்கள் சொன்னபடி நேற்று வள்ளியம்மா அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எம் பேரயும் சொல்லி, எம் புருசன் பேரயும் சொன்னியா? அடிப்பாவி! யோவ் மாசி, கேட்டியா, ஒனக்கு ரெண்டாவது பொண்டாட்டி வந்துகீது. சேத்துலயே நிக்கிது பாரு."

மாசி அண்ணன் உள்ளேயிருந்து, "இருக்கறதுக்கே கஞ்சி காணோம்" என்றார்.

நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தீபாவளிக்குச் சூளைக்குப் போய் இப்போதுதான் வந்தோம் என்று சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ரேசன் கார்டுக்கு எழுத வந்தாங்க. நாங்க வெறவுக்குப் போயிருந்தோம். ஆள் இல்லன்னு எழுதிக்கினு போனாங்க. ஓட்டுக்கு எழுத வந்தாங்க, அப்பவும் அப்டித்தான். அதெல்லாம் அவங்களா எழுதனது. இப்ப நாங்க இல்லன்னு எங்க வாயாலயே சொல்லணுமா பாப்பா?"

அக்கரையில் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊருக்குள் வந்தால், எங்கள் தெருப் பெண் என்பதால் பாப்பா. நேற்று அந்தப் பாப்பா என்ற சொல் எனக்கு அடி மாதிரி இருந்தது. அப்புறம் அவர்களே, "சரி போ. ஒனக்கோசரம் எதுனா சொல்றேன்" என்றார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா, உங்கள் வேலை போகக்கூடாது. எங்கள் அக்கா கல்யாணமும் நிற்கக்கூடாது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் செத்துப்போகலாம் என்று எழுதி அடித்துவிட்டேன். பயப்பட வேண்டாம், அது சும்மா.

சந்தியா


காஞ்சிபுரம்
22.2.2000

சந்தியா,

அடித்தாலும் படிக்க முடிகிறது. அப்படி இனி எழுதாதே.

இரண்டு நாள் உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். மெமோவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது என் கையும் ஓடவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

முதல் நாள் உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நீ தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். உன் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், மஞ்சள் பூசியிருந்தது. எங்கள் ஊரிலும் நடவுக்குப் போகிறவர்கள் அப்படித்தான் பூசுவார்கள். ஒரு நாள் சேற்றில் இறங்கினால் வருகிற புண் இல்லை அது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் 92 என்று எழுதினேன். 92 எழுதினால் அந்த வரி அதோடு முடிந்துவிடும். கூலி வேலை என்றால் எத்தனை அரை நாள், எவ்வளவு கூலி, எந்த விதத்தில் கூலி என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அன்று இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது. ஏரிக்கரையில் நான் கீழே இறங்காததும் இதே காரணம்தான். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் ஒரு வீடு ஒரு வீடாக நிற்பதில்லை. எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பதால், பார்க்கும் ஒவ்வொரு வீடும் பார்க்காத பல நூறு வீடுகளுக்காகப் பேசும். ஏழாம் எண்ணைக் காலி என்று எழுதியபோது நான் எத்தனை வீட்டை மூடினேன் என்று அன்றே தெரியும் எனக்கு. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான்.

வள்ளியம்மாவிடம் இனி எதுவும் கேட்காதே. அவளைப் பொய் சொல்லச் சொன்ன என் கடிதத்தைக் கிழித்துப்போடு. நான் கரைமேல் நின்றே எழுதினேன் என்று பதில் கொடுத்துவிட்டேன். உன் வரியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ சொல்லாவிட்டால் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

சசிரேகா


1.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் சார் வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதர் மாதிரி ஏரிக்கரைக்கு வழிகாட்டப் புறப்பட்டார். சாருக்குத் தண்ணீர்ச் சொம்பு எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார். நான் சொல்லக்கூடாது என்றுதான் போனேன் அக்கா. உங்கள் கடிதம் எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்திருந்தது. சொல்லாவிட்டாலும் தவறில்லை என்று எழுதியிருந்தீர்களே.

வள்ளியம்மா அக்கா வெளியில் வந்து நின்றார்கள். சார் பேர் கேட்டார். சொன்னார்கள். சார் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னிக்கு வயல்ல வள்ளியம்மான்னு சொன்ன பொண்ணு நீ இல்லையே. அது ஒல்லியா, சின்னப் பொண்ணு."

வள்ளியம்மா அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "எனக்கு அன்னிக்கு ஜுரம் சார். எம் பேர்ல யார்னா போயிருப்பாங்க."

"யாரு?"

"தெரியாது சார்."

"அப்ப வள்ளியம்மா யாரு? நீயா, அதுவா? கார்டு எதாவது இருக்கா?"

"கார்டுல எங்களுக்குப் பேரு இல்ல சார்."

"வீடு காலின்னு ஒரு தாள். வயல்ல ஒரு வள்ளியம்மா. இங்க ஒரு வள்ளியம்மா. பக்கத்து வீட்ல இருந்து வந்து நிக்கிறியா?"

"இது எங்க வூடு சார். நான்தான் சார் நானு" என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் குரல் சின்னதாகிவிட்டது. மாசி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சார் பேனாவைத் திறந்து என்னவோ எழுத ஆரம்பித்தார். மறுபடியும் ஆள் இல்லை என்றுதான் எழுதப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. சொம்பைக் கீழே வைத்தேன்.

"சார், அன்னிக்கு வயல்ல நின்னது நான்."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது.

நைனா, "சின்னப் பொண்ணு சார், இன்னாவோ ஒளறுது. தையலுக்குப் போவுது அது" என்றார்.

சார் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டார். "நடவுக்குக் கூலி எவ்வளவு?"

"முப்பது ரூபா. பத்து மணிக்கு ஒரு டீ, ஒரு பன்னு."

"போன வாரம் எத்தனை நாள்?"

"அஞ்சு நாள் களை எடுத்தோம் சார். வெள்ளிக்கிழமை மட்டும் அரை நாள்."

"யாரோட?"

"இவங்களோட."

கேட்டதும் எல்லாம் வாயில் வந்துவிட்டது அக்கா. எத்தனை மணிக்கு இறங்குவோம், எத்தனை மணிக்கு ஏறுவோம் என்று கேட்காததையும் சொன்னேன். நைனா அங்கேயே நின்று முழுவதும் கேட்டார். பிறகு சாரிடம் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கரைமேல் ஏறிப் போய்விட்டார். அவ்வளவு வெயிலில் அந்த வெள்ளைச் சட்டை ரொம்ப தூரம் வரைக்கும் தெரிந்தது.

சார் வள்ளியம்மா அக்காவின் ஏழு நாளையும் எழுதிக்கொண்டார். கடைசியில் அவர்கள், "சார், ஒரு சந்தேகம். எட்டாந்தேதி எம் பேர்ல இது வேலை செஞ்சுது. அந்தக் கூலி எனக்கு வரணுமா இதுக்கா?" என்று கேட்டார்கள். சார் முதல்முறையாகச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நைனா நேற்று மூன்று வேளையும் வீட்டில் சாப்பிடவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. கோமளா அக்கா பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டு படுக்கிறாள்.

சந்தியா


காஞ்சிபுரம்
14.3.2000

அன்புள்ள சந்தியா,

தமிழ்வாணன் சார் இரண்டு தாள்களையும் என்னையே திருத்தி எழுதச் சொன்னார். ஏழாம் எண் வீட்டில் இப்போது இரண்டு பேர், இரண்டு பேருக்கும் வேலை, கூலி. உன் வரியில் 92ஐ அடித்து 51 எழுதினேன். அன்றாடக் கூலி வேலை என்று அர்த்தம். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகவா என்று நினைத்தபோது மேஜையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

எனக்கு ஆர்டர் நீட்டவில்லை. சார் திட்டவில்லை. "நீ நல்லா எழுதுவம்மா, நடக்கத்தான் மாட்ட" என்றார். நியாயம்தான். மாதக் கடைசியில் வந்தவாசி போகிறேன். அம்மாவிடம், வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொல்ல எனக்கு உன் தைரியம் இல்லை.

தாமல் வரன் என்ன ஆயிற்று? எழுது. வீட்டு விலாசம் கீழே.

சசிரேகா


28.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வேலை போனதற்கு நான் என்ன எழுதினாலும் போதாது. அதனால் எழுதவில்லை.

தாமலிலிருந்து ஆடி கழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்படியென்றால் வேண்டாம் என்று அர்த்தம். சொல்ல வந்தவர் எங்கள் வீட்டில் காபிகூடக் குடிக்கவில்லை. கோமளா அக்கா என்னிடம் இன்னும் பேசவில்லை. அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று நான் சொல்ல முடியாது. எனக்காகவும்தான் மறைத்தேன்.

சார் வந்துபோன பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. தெருவில் தலை காட்ட வெட்கம். பானையில் அரிசி அடி தெரிய ஆரம்பித்தது. நேற்று விடிந்ததும் நைனா என் முன்னால் வந்து நின்று, "கெளம்பு" என்றார். ஒரு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

எப்போதும் நான் பின்பக்கத் தோப்பு வழியாகத்தான் போவேன். நைனா தெரு வழியாக நடந்தார். நான் பின்னால் நடந்தேன். டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். கடைக்காரர் சின்னராசு கிளாஸ் கழுவிக்கொண்டே, "இன்னா சடையப்பா, காலங்காத்தால பொண்ண இட்டுக்கினு? தையலுக்கா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நைனா நின்றார். அவர் காது மடல் சிவந்துபோனது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. "அக்கரைக்கு. வேர்க்கடல புடுங்க. ரெண்டு பேரும்தான் போறோம்" என்றார்.

என்னை ஆறு வரைக்கும் விட வருகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அக்கரையில் மார்த்தாள் அம்மா ஒன்றும் கேட்காமல் எனக்குப் பக்கத்துச் செடி வரிசையை நைனாவுக்குக் காட்டினார்கள். அந்தப் பக்கம் வள்ளியம்மா அக்கா. நைனாவைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் போனார்கள். அவர், "வேலயப் பாரும்மா" என்றார். நைனாவுக்கு ஏர் பிடித்த கை. மற்றவர் நிலத்தில் குனிந்து பழக்கமில்லை. செடியைப் பிடுங்கும்போது பாதிக் காய் மண்ணிலேயே நின்றது. அரை மணிக்குள் எல்லாப் பெண்களும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் தனியாகப் பின்னால் தெரிந்தார். நான் கையை மெதுவாக்கினேன். மார்த்தாள் அம்மா என் பெயரைச் சொல்லி, "இன்னாடி, கையில தெம்பு இல்லியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்கள். நான் ஜுரம் என்றேன். நைனா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். வரிசை முடியும்வரை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் போனோம்.

இப்படிக்கு
சந்தியா